சுவைத்த பிறகே வரைய வேண்டும்

1961 மார்ச் 22, புதன்கிழமை காலை, சிவகாசி ரயில் நிலையத்தில் பம்பாயிலிருந்து வந்த சிறிய மரப்பெட்டி ஒன்று இறக்கப்பட்டது. பெட்டிக்குள் வைக்கோலுக்கு நடுவே லேபிள் ஒட்டாத இரண்டு கண்ணாடிப் பாட்டில்களும் ஒரு கடிதமும் இருந்தன.

பெட்டி கண்ணுச்சாமியின் லித்தோ அச்சகத்துக்கு வந்து சேர்ந்தது. அதுவரை தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மட்டுமே லேபிள் அடித்துவந்த அச்சகம் அது. தின்கிற பொருளுக்கு லேபிள் கேட்டு வந்த முதல் ஆர்டர் இதுதான். கடிதத்தைக் கிளார்க் பால்துரை வாசித்து, வரிவரியாகத் தமிழில் சொன்னார். ஒரு பாட்டிலில் இருப்பது சாலட் கிரீம். வெளிர்மஞ்சளாக, வழவழப்பாக இருக்கும். நறுக்கிய பச்சைக் காய்கறிமேல் ஊற்றிக்கொள்ள வேண்டும். மற்றதில் இருப்பது சாண்ட்விச் ஸ்பிரெட். அதே கிரீமில் வெள்ளரி, காரட், கோஸ் ஆகியவற்றைப் பொடியாக அரிந்து கலந்தது. ரொட்டியில் தடவிக்கொள்ள வேண்டும். இரண்டிலும் முட்டை மஞ்சள்கரு, எண்ணெய், வினிகர் என்கிற காடி, கடுகு, சர்க்கரை சேர்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி லேபிள் வேண்டும். பரிமாறி, சாப்பிடத் தயாராக இருக்கும் நிலையில் படம் இருக்க வேண்டும். புரூஃப் ஏப்ரல் எட்டாம் தேதிக்குள் பம்பாயில் இருக்க வேண்டும்.

கடைசிப் பத்தி மட்டும் டைப் அடித்ததல்ல. கம்பெனியின் விளம்பர அதிகாரி தம் கையால் எழுதியிருந்தார். "ஆர்ட்டிஸ்ட் மாதிரியைச் சுவைத்த பிறகே வரைய வேண்டும். சுவைக்காமல் வரைந்த படம் எங்கள் கண்ணுக்குத் தப்பாது."

அச்சகத்தின் ஆர்ட்டிஸ்ட் தேவாசீர்வாதம். பதினான்கு வருடமாக அங்கே அச்சடிக்கும் லித்தோ கல்லில் படம் எழுதுகிறவர். பார்க்காத எதையும் வரைவதில்லை என்பது அவருடைய கொள்கை. ஒருமுறை அணுகுண்டு வெடிக்குப் புலிப்படம் கேட்டபோது, விருதுநகரில் சர்க்கஸ் கூடாரம் போடும்வரை நான்கு மாதம் காத்திருந்து, அங்கே போய்ப் பார்த்துவந்து வரைந்தார். அந்தப் புலி மெலிந்து, பாதிக் கண்ணை மூடிப் படுத்திருந்தது. லேபிளிலும் அப்படியே படுத்திருந்தது. வெடி வாங்கியவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. ஆனால் கண்ணுச்சாமி அன்றிலிருந்து மெட்ராஸில் ஓவியம் படித்த ஓர் இளைஞரைக் கொண்டுவருவது பற்றிப் பேசத் தொடங்கினார். வடக்கு ஜன்னலை ஒட்டிய மேஜை தலைமை ஆர்ட்டிஸ்டுக்கு உரியது. பழைய தலைமை ஆர்ட்டிஸ்ட் போன வருடம் இறந்ததிலிருந்து அது காலியாகக் கிடந்தது.

"பம்பாய்க்காரன் ரெண்டு லேபிளையும் பாஸ் பண்ணிட்டான்னா அந்த மேஜை உங்களுக்கு," என்று, ஆர்டர் பேசி முடித்தபோதே கண்ணுச்சாமி சொல்லியிருந்தார். "இல்லைன்னா மெட்ராஸ் தம்பி வந்துரும். நீங்க அதுக்குப் பார்டர் போட்டுக் கொடுக்கலாம்."

தேவாசீர்வாதத்துக்கு வயது நாற்பத்தொன்று. லேபிள் பாஸாகாவிட்டால், இருபத்துமூன்று வயது மெட்ராஸ் தம்பி வரைந்த படத்துக்குச் சுற்றிலும் கொடியும் பூவும் போடுகிற வேலை அவருக்குக் காத்திருந்தது.

கடிதத்தை வாசித்து முடித்ததும் கண்ணுச்சாமி ஒரு பாட்டிலைத் திருகித் திறந்து அவர் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுங்க ஆர்ட்டிஸ்டு."

"லெந்து காலம் முதலாளி. ஈஸ்டர் வரைக்கும் முட்டை ஆகாது."

"ஈஸ்டர் என்னைக்கு?"

"ஏப்ரல் ரெண்டு."

ஏப்ரல் இரண்டுக்குப் பிறகு சுவைத்து, வரைந்து, நிறத்துக்கு ஒரு கல்லாகப் பிரித்து எழுதி, புரூஃப் எடுத்து எட்டாம் தேதிக்குள் பம்பாய்க்குக் கொண்டுசேர்க்க முடியாது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"சரி, எங்கள்ல யாராவது தின்னு ருசியச் சொல்றோம். எனக்கு ஆகாது. அம்மனுக்குச் சாட்டியாச்சு," என்றார் கண்ணுச்சாமி. பங்குனிப் பொங்கல் வருகிறது என்று ஊரில் அறிவித்து, மூன்று நாள் முன்னால் ஞாயிற்றுக்கிழமைதான் சாட்டியிருந்தார்கள். சாட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை ஊர் எல்லைக்குள் இருக்கிற வீடுகளில் முட்டை உட்படக் கவிச்சி எதுவும் புழங்காது. "பெத்தணா?"

மெஷின் ஓட்டும் பெத்தணன் கையிலிருந்த மஞ்சள் காப்பைத் தூக்கிக் காட்டினார். "நான் தீச்சட்டி எடுக்கேன் முதலாளி. அந்தப் பாட்டில் இருக்கிற மேஜைப் பக்கம்கூட வரக்கூடாது."

"பால்துரை?"

"எங்க வீட்லயும் லெந்துதான் முதலாளி."

"போன வாரம் பஸ் ஸ்டாண்டு கடையில புரோட்டாவுக்குச் சால்னா ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீகளே," என்றார் பெத்தணன்.

"அதுக்குத்தான் இப்ப கண்டிப்பா இருக்கேன்," என்றார் பால்துரை.

சாப்பிட முடியாது என்று தீர்மானமான பிறகு எல்லோருக்கும் அபிப்பிராயம் வந்துவிட்டது. பெத்தணன் மூன்றடி தள்ளி நின்று மோப்பம் பிடித்து, இந்த மாதிரிப் பண்டத்துக்கு நல்லெண்ணெய்தான் சரி, பம்பாய்க்காரனுக்கு விவரம் போதாது என்றார். கண்ணுச்சாமி விருதுநகர்க் கடலை எண்ணெய்க்காகப் பேசினார். காடிக்குப் பதில் எலுமிச்சை பிழிந்திருக்க வேண்டும் என்பது பால்துரையின் கட்சி. வழவழப்பாக இருப்பது உசத்தியா, காய் அரிந்து போட்டது உசத்தியா என்பதில் பெத்தணனும் பால்துரையும் அரைமணி நேரம் மோதிக்கொண்டார்கள். இரண்டில் ஒன்றையாவது நாக்கில் வைத்தவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை.

தேவாசீர்வாதம் மத்தியானம் வீட்டுக்குப் போய் மனைவி ஞானஜோதியிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். ஞானஜோதி மிஷன் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். தலைமை ஆர்ட்டிஸ்ட் வேலை கணவருக்குக் கிடைக்க வேண்டும் என்று, சாம்பல் புதனன்று அவர்தான் பொருத்தனை செய்திருந்தார்: நாற்பது நாளும் வீட்டில் இறைச்சி, மீன், முட்டை எதுவும் கிடையாது.

"ஒரு விரல் தொட்டு நாக்குல வச்சா போதும்," என்றார் தேவாசீர்வாதம்.

"எதுக்காகப் பொருத்தனை பண்ணியிருக்கோம்?"

"அந்த வேலைக்காகத்தான்."

"அந்த வேலைக்காகச் செஞ்ச பொருத்தனைய அந்த வேலைக்காகவே முறிக்கலாம்ங்கீகளா?"

"சுவைக்காம வரைஞ்சா அவன் கண்டுபிடிச்சிருவானாம்."

"அவன் பம்பாயில இருக்கான்," என்றார் ஞானஜோதி. மேலே இருக்கிறவரைப் பற்றி அவர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் கண்ணுச்சாமியே வழி கண்டுபிடித்தார். லித்தோ கல்லில் ஒரு லேபிள் அடித்து முடித்ததும் பழைய படத்தை மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் கோட்டைச்சாமி. எம். புதுப்பட்டியிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவர்.

"ஏலே கோட்டை, உங்க ஊருக்குச் சாட்டியாச்சா?"

"எங்க ஊருக்குச் சித்திரையிலதான் முதலாளி."

"முட்டை திம்பியா?"

"கொடுத்தா திம்பேன்."

"அப்ப இனிமே நீதான்லே இந்தக் கம்பெனிக்கு நாக்கு."

கோட்டைச்சாமி கையைக் கழுவிவிட்டு வந்தார். முதலில் சாலட் கிரீமை ஒரு விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். முகத்தை ஒரு பக்கமாகச் சுளித்துக்கொண்டு விழுங்கினார். தேவாசீர்வாதம் பென்சிலும் தாளுமாக எதிரே உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

"முந்தாநா மோரைக் கட்டியா ஆக்குன மாதிரி இருக்குய்யா."

"வெள்ளரிக்காயில ஊத்தித் தின்னு பாரு."

"வெள்ளரிக்கா நல்லாருக்குய்யா. அதுல எதுக்கு இதை ஊத்திக்கிட்டு?"

வெள்ளரித் துண்டுகள்மேல் ஊற்றிய கிரீம் அப்படியே தட்டில் கிடந்தது. தேவாசீர்வாதம் அந்தத் தட்டைக் கிடந்தபடியே வரைந்துகொண்டார்.

பிறகு ஸ்பிரெட். கோட்டைச்சாமி ஒரு விரல் எடுத்தார். இரண்டாவது விரலும் எடுத்தார். மூன்றாவதாகப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குய்யா."

"நல்லாருக்குன்னா எப்படி? விவரமாச் சொல்லு."

கோட்டைச்சாமி யோசித்தார். "இன்னும் ரெண்டு பாட்டில் இருந்தா நல்லாருக்கும்."

ஸ்பிரெட்டை ரொட்டியோடு வரைவதுதான் முறை. தேவாசீர்வாதம் கடையில் ஒரு ரொட்டி வாங்கிவரச் சொல்லி, துண்டு போட்டு, ஸ்பிரெட் தடவித் தட்டில் அடுக்கி வரைந்தார். கண்ணுச்சாமி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன ஆர்ட்டிஸ்டு, தலைமாட்டுல மருந்து பாட்டில் ஒண்ணை வச்சிட்டா முடிஞ்சுது. யாருக்கு டைபாய்டு?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சிவகாசியில் அந்த வருடங்களில் ரொட்டி வாங்குகிறவர்கள் வீட்டில் காய்ச்சல்காரர் இருப்பவர்கள்தான். ரொட்டியைக் கொடுத்தபோது கோட்டைச்சாமியே, "எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையேய்யா," என்று சொல்லித் தள்ளிவைத்திருந்தார். அவர் சாப்பிடாத ரொட்டியைச் சாப்பிடத் தயாராக இருப்பதாக வரைய தேவாசீர்வாதத்துக்குக் கை வரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோட்டைச்சாமி வழக்கம்போல் பின்பக்க வேப்பமரத்தடிக்குப் போனார். தூக்குச்சட்டியிலிருந்து கேப்பைக்களி உருண்டையை எடுத்துத் தட்டில் வைத்து, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி செய்து, அதில் ஸ்பிரெட்டை நிரப்பினார். ஓரத்திலிருந்து களியைக் கிள்ளி, குழியில் தோய்த்துச் சாப்பிட்டார். தேவாசீர்வாதம் தாளை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார். தொடர்ந்து நான்கு நாள் போனார். நான்காவது நாள் பாட்டில் காலியானது. அதற்குள் படம் முடிந்திருந்தது: ஓரம் கிள்ளிய கரும்பழுப்பு உருண்டை, நடுவில் பொங்கி வழியும் ஸ்பிரெட், அதில் மின்னும் காரட் துணுக்குகள். அலுமினியத் தட்டைப் பீங்கான் தட்டாக மாற்றியதும், தட்டுக்குப் பின்னால் இருந்த முழங்காலை எடுத்ததும் மட்டும்தான் அவர் தம் கொள்கையிலிருந்து விலகிய இடங்கள்.

"களியைப் போட்டா அனுப்பப் போறீக?" என்றார் பால்துரை.

"அவன் தின்னதைத்தான் வரைஞ்சிருக்கேன்."

"பம்பாய்க்காரனுக்குக் களி தெரியுமா?"

"தெரிஞ்சா பார்டர் போடப் போறேன்," என்றார் தேவாசீர்வாதம்.

புரூஃப்கள் ஏப்ரல் நான்காம் தேதி தபாலில் போயின. பதில் இருபத்தைந்தாம் தேதி வந்தது. ஸ்பிரெட் லேபிளைக் கம்பெனி மாற்றமில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தது. "பழுப்பு ரொட்டி மிக இயல்பாக அமைந்துள்ளது. வெளிநாட்டு ரொட்டி வகைகளில் உங்கள் ஆர்ட்டிஸ்டுக்கு இவ்வளவு பழக்கம் இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மாதிரியை அவர் ரசித்துச் சாப்பிட்டிருக்கிறார் என்பது பார்த்தவுடன் தெரிகிறது" என்று விளம்பர அதிகாரி எழுதியிருந்தார். சாலட் கிரீம் லேபிளைத் திருப்பி அனுப்பிவிட்டார். "இது யாரும் தொடாத தட்டு. சுவைக்காமல் வரைந்தது. மீண்டும் வரையவும்."

கூடவே, அச்சகத்தார் எல்லோரும் சுவைத்துப் பார்ப்பதற்காக இரண்டு வகையிலும் ஆறாறு பாட்டில்கள் கொண்ட பெட்டி ஒன்றும் வந்திருந்தது.

"பாதி பாஸ்," என்றார் கண்ணுச்சாமி. "பாதி மேஜை கொடுக்க முடியாது. மத்ததும் பாஸாகட்டும்."

ஈஸ்டர் முடிந்திருந்தது. பங்குனிப் பொங்கல் முடிந்து பெத்தணனின் காப்பும் அவிழ்ந்திருந்தது. தடை எதுவும் இல்லாததால் எல்லோரும் சாப்பிட வந்தார்கள். மார்ச் மாதத்தில் வழவழப்பானதுதான் உசத்தி என்று அரைமணி நேரம் வாதாடிய பெத்தணன் அதைத் துப்பிவிட்டு மெஷினுக்குப் பின்னால் போய் வாய் கொப்பளித்தார். காய் போட்டதற்குக் கட்சி கட்டிய பால்துரை அதை ஒரு வாய் தின்றுவிட்டு, ஊறுகாய்க்குப் பாயசம் ஊற்றியது யார் என்று கேட்டார். எண்ணெய் சரியில்லை என்பதில் மட்டும் கண்ணுச்சாமி தம் பழைய அபிப்பிராயத்திலேயே இருந்தார். மீதியிருந்த பாட்டில்களைத் திறந்து முகர்ந்து பார்ப்பதோடு மற்றவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

கோட்டைச்சாமி வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"வா கோட்டை, அம்புட்டும் உனக்குத்தான்," என்றார் பெத்தணன். "இந்தக் கண்றாவிய உன்னை விட்டா தின்ன ஆளில்ல."

"முந்தாநாத்தான் எங்க ஊருக்குச் சாட்டியிருக்கு," என்றார் கோட்டைச்சாமி. பாட்டில்களை ஒரு தடவை பார்த்தார். "காப்பு அவிழட்டும். எடுத்து வையிங்க."

தேவாசீர்வாதம் கிரீம் பாட்டில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனார். ஞானஜோதி வெள்ளரியும் தக்காளியும் நறுக்கிக் கொடுத்தார். அவர் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். முப்பது பேர் வேலை செய்த அந்த அச்சகத்தில் சாலட் கிரீம் பிடித்த ஒரே ஆள் அவராக இருந்தார்.

"நல்லாவா இருக்கு?" என்றார் ஞானஜோதி.

"ரொம்ப நல்லாருக்கு. நீ சாப்பிட்டுப் பாரேன்."

"வாசமே ஆகல. நீங்க சாப்பிடுங்க. இது உங்க வேலை."

பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அவர் தமக்குப் பிடித்த ஒன்றைப் பார்த்து வரைந்தார். வரைந்துகொண்டிருக்கும்போதே சாப்பிட்டுக்கொண்டும் இருந்தார். கொள்கைப்படி, தட்டு இருந்த நிலையிலேயே படத்திலும் இருந்தது: ஒரு பக்கம் நாலைந்து வெள்ளரித் துண்டு, ஒரு தக்காளி, மறுபக்கம் கிரீம் வழித்த தடம். தாம் வரைந்ததிலேயே சிறந்த படம் அதுதான் என்று ஞானஜோதியிடம் சொன்னார்.

மே மாதம் நான்காம் தேதி அனுப்பிய புரூஃப் பதினெட்டாம் தேதி திரும்பி வந்தது. "தட்டு ஏன் பாதி காலியாக இருக்கிறது? உங்கள் ஆர்ட்டிஸ்டுக்கு இந்தப் பண்டத்தில் நாட்டம் இல்லை என்று தெரிகிறது. ஸ்பிரெட்டை ருசித்தது போல இதையும் ருசித்துவிட்டு வரையச் சொல்லுங்கள். இதுவே கடைசி முறை."

கண்ணுச்சாமி கடிதத்தை மேஜைமேல் வைத்தார். "மெட்ராஸ் தம்பிக்குக் கடுதாசி எழுதட்டுமா?"

"ரெண்டு நாள் பொறுங்க முதலாளி," என்றார் தேவாசீர்வாதம்.

அவருக்கு இரண்டு நாள் தேவைப்படவில்லை. ஸ்பிரெட் லேபிளின் மூலப்படத்தை எடுத்தார். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, உருண்டையையும் தட்டையும் அப்படியே நகல் எடுத்தார். குழியில் ஸ்பிரெட் இருந்த இடத்தில் வெளிர்மஞ்சள் கிரீமைப் போட்டார். ஒரு துளி ஓரத்தில் வழிவதாகக் காட்டினார். யாரும் சாப்பிடவில்லை, யாரும் எதிரே உட்காரவில்லை. ஒரு சாயங்காலத்தில் வேலை முடிந்தது. நிறம் சரிபார்க்க வீட்டுக்கு எடுத்துவந்தபோது ஞானஜோதி பார்த்தார்.

"கிரீமைப் போட்டு யார் களி தின்னா?"

"யாரும் திங்கல."

"நீங்க பாக்காம எதையும் போட மாட்டீகளே."

"பாத்துப் போட்டதைத்தான் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டானே," என்றார் தேவாசீர்வாதம்.

பதில் ஜூன் இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. பால்துரை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "இப்போதுதான் ஆர்ட்டிஸ்ட் உண்மையாகவே சுவைத்துவிட்டு வரைந்திருக்கிறார். சுவைக்காமல் வரைந்தது எங்கள் கண்ணுக்குத் தப்பாது என்று முன்பே எழுதியிருந்தோம். சாலட் கிரீமைப் பழுப்பு ரொட்டியோடு பரிமாறும் யோசனை எங்களுக்கே தோன்றவில்லை. அதையும் லேபிளில் அச்சிட உத்தேசித்துள்ளோம்."

ஞானஜோதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பொருத்தனைக் காணிக்கை படைத்தார். பெத்தணன் தாம் தீச்சட்டியோடு நடந்தபோது அச்சகத்துக்காகவும் வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். மெட்ராஸ் தம்பியின் பெயரைச் சொல்லாமலிருந்தால் ஆர்ட்டிஸ்டுக்கு ரோசம் வந்திருக்காது என்று கண்ணுச்சாமி இரண்டு பேரிடம் சொன்னார்.

அதற்கு முன், மே மாதத்தில் புதுப்பட்டியில் பொங்கல் முடிந்து கோட்டைச்சாமியின் காப்பு அவிழ்ந்தபோது, திறந்துவைத்த ஸ்பிரெட் முழுவதும் வெயிலில் கெட்டுப்போயிருந்தது. பாட்டில்களை அவரே மணல் போட்டுக் கழுவினார். பைண்டிங் பகுதியில் அவற்றில் பசை ஊற்றி வைத்தார்கள்.

ஜூன் ஐந்தாம் தேதி திங்கட்கிழமை தேவாசீர்வாதம் தலைமை ஆர்ட்டிஸ்ட் ஆனார். வடக்கு ஜன்னலை ஒட்டிய மேஜை அவருக்குக் கொடுக்கப்பட்டது. மேஜையை நகர்த்தித் துடைத்துக் கொடுத்தவர் கோட்டைச்சாமி. பிறகு அவர் கல் தேய்க்கப் போனார்.